கயிறு கட்டி மரம் ஏறுவது: அட்லாண்டா பக்கத்து மரங்களும் பயிற்சியும்

கவட்டை

ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டி உட்காரும் பட்டை) வாங்குவதற்கு முன் மரத்தைப் பாருங்கள். அட்லாண்டா சுற்றுவட்டாரத்தில் ஏறுவதற்கு ஏற்றது என்று யோசிக்காமல் சொல்லக்கூடியது வைட் ஓக். வெளிர்சாம்பல் பட்டை செதில் செதிலாக உரியும், இலை மடல்களின் நுனி மழுங்கியிருக்கும். கிளைகள் அகலமாகப் பிரியும், கட்டை கெட்டி. அதே தெருவில் நிற்கும் வாட்டர் ஓக் வெளியே பச்சைப்பசேல், உள்ளே பல நேரம் வெறும் கூடு. டியூலிப் பாப்ளர் நெடுநெடுவென்று அழகாக வளரும். ஆனால் முதல் கிளைக்கே எறிகயிறு (ஏறும் கயிற்றுக்கு முன் கிளைமேல் வீசும் மெல்லிய கயிறு) எட்டாது, கிளையும் சுலபமாக முறியும். லாப்லாலி பைனில் ஏறலாம், பிசின் கயிற்றில் அப்பிக்கொண்டால் முடிச்சு நகர மறுக்கும். பீச் மரம் ஆளைத் தாங்கும். பட்டைதான் மெல்லிசு, கயிறு உரசிய தழும்பு மரம் இருக்கும்வரை இருக்கும். அதை விட்டுவிடுவதே நாகரிகம். பிராட்ஃபோர்ட் பேரி மரத்தின் பக்கமே போகாதீர்கள். கிளைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து குறுகலாகக் கிளம்பி, கவையின் நடுவில் பட்டை மாட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒட்டியிருப்பது போலத் தெரியும், ஒட்டியிருக்காது.

மரத்தின் உயரத்துக்குத் தள்ளி நின்று ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எந்தக் கிளையாவது மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் வந்தால் அந்த மரம் வேண்டாம். பிறகு அடிமரம். அது தரையைத் தொடும் இடத்தில் விரிய வேண்டும். நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால் யாரோ மண் போட்டு வேரை மூடியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் மண் வெடித்துத் தூக்கியிருந்தால் மரம் சாய ஆரம்பித்திருக்கலாம். அடியில் பலகைபோலக் காளான் முளைத்திருந்தால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம், கிளையை அண்ணாந்து பார்க்கவே வேண்டியதில்லை. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பைனாகுலர். கயிறு போடும் கிளை உயிரோடு இருக்க வேண்டும், கயிறு உட்காரும் இடத்தில் குறைந்தது 15 செ.மீ. தடிமன் வேண்டும், கயிறு அடிமரத்தை ஒட்டி விழ வேண்டும். உங்கள் தலைக்கு நேர்மேலே பட்டுப்போன கொம்பு ஒன்றுகூடத் தொங்கக் கூடாது.

டிகேட்டர்_மீனா

கவட்டை அண்ணா விட்டது ஒண்ணு இருக்கு: பாய்சன் ஐவிங்கற நச்சுக் கொடி. மூணு மூணு இலைன்னு எல்லாருக்கும் தெரியும். குளிர்காலத்துல இலை இருக்காது, மரத்தோட ஒட்டி மயிர் மயிரா ஒரு கொடி மட்டும் தெரியும். அதுலயும் தோலை அரிச்சுப் புண்ணாக்கற எண்ணெய் இருக்கு. எறிகயிறு அது மேல உரசினா எண்ணெய் கயிறுல ஏறும், கயிறுலேர்ந்து கைக்கு, கையிலேர்ந்து கண்ணுக்கு. தோல்ல பட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவணும், கயிறையும் துவைக்கணும். வெட்டின கொடியை எரிச்சுடாதீங்க, அந்தப் புகை நுரையீரலுக்குள்ள போனா ஆஸ்பத்திரிதான். கோடை முடியற நேரத்துல குளவிக்கூடும் பெருசாகி இருக்கும். பொந்து இருக்கற மரத்துக்கு எதிர்ல அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. உள்ளே தேனீ இருந்தா போக்குவரத்து தெரிஞ்சிடும்.

நூல்கண்டு

எறிவதைப் பற்றி யாரும் பேசவில்லையே, புதியவர்களின் பாதி நாள் அதில்தான் போகிறது. எறிகயிற்றின் முனையில் கட்டும் 340 கிராம் எடைப்பை (எறிபை), சுமார் 2 மி.மீ. தடிமனில் 50 மீட்டர் எறிகயிறு, அதைப் போட்டுவைக்க மடக்குப்பெட்டி. சொரசொரப்பான பட்டையில் பை கீழே இறங்க மறுத்தால் 400 கிராமுக்கு மேல் போங்கள். இரண்டு கையாலும் பிடித்து, கால்களுக்கு நடுவே ஆட்டி, கீழிருந்து மேலாக விட வேண்டும். கையை மிக விரைவில் விட்டால் பை முன்னால் ஓடும், தாமதித்தால் தலைக்கு மேலே செங்குத்தாகப் போய்த் திரும்பி வரும். ஹெல்மெட் எறியும்போதே தலையில் இருக்க வேண்டும்.

தப்பான கிளையில் விழுந்தால் பையோடு இழுக்காதீர்கள். பையைத் தரைக்கு இறக்கி, அவிழ்த்துவிட்டு, வெறும் கயிற்றை உருவுங்கள். கவையில் பை மாட்டிய பிறகு வெடுக்கென்று இழுத்தால் அது விடுபட்டு உங்கள் முகத்துக்கே வரும்.

கவட்டை

எறிகயிற்றால் ஏறும் கயிற்றைக் கிளைமேல் இழுத்துப் போட்டதும் ஒருவர் இரண்டு பக்கக் கயிற்றையும் சேர்த்துப் பிடித்துத் தொங்க வேண்டும், பிறகு இருவர். அதற்கப்புறம்தான் ஏற்றம். கயிறு பட்டைமேல் நேராக ஓடக் கூடாது. தோலுறையோ வளையப் பட்டையோ போட்டால் மரமும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும், ஏறுவதும் இலகு.

முடிச்சவிழ்க்கி

உடற்பயிற்சிக் கூடத்தில் பாறை ஏறிப் பழகியவர்கள் அந்தக் கயிற்றையே எடுத்து வருகிறார்கள். அது விழும்போது நீளும் கயிறு. மரத்தில் நாம் விழப்போவதில்லை, தொங்கிக்கொண்டே இருக்கப்போகிறோம். மரவேலைக்கென்று வரும் நீளாத கயிறு 11 முதல் 13 மி.மீ. வரை, 45 மீட்டர். கிளைமேல் இரட்டையாக ஓடுவதால் 20 மீட்டர் கிளைக்குத்தான் அது போதும், ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் இழுக்க வேண்டும். கயிற்றின் கடைசி முனையில் எப்போதும் ஒரு முடிச்சு இருக்க வேண்டும், இல்லையென்றால் இறங்கும்போது முனையைத் தாண்டி விழலாம். கேரபினர் (கயிற்றை ஹார்னஸில் மாட்டும் உலோகக் கொக்கி) தானே பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும். திருகும் வகை பட்டையில் உரசி உரசித் தானாகத் திறந்துவிடும்.

ஏறும் கயிற்றில் நகர்த்தக்கூடிய, எடை ஏறினால் இறுகும் முடிச்சு பிளேக்ஸ் ஹிட்ச்: ஹார்னஸில் கட்டியபின் மிஞ்சும் வால்முனையால் ஏறும் கயிற்றைக் கீழிருந்து மேலாக நான்கு சுற்று. வால்முனையைக் கீழே கொண்டுவந்து, ஹார்னஸிலிருந்து வரும் கயிற்றுக்கு முன்பக்கமாகவும் ஏறும் கயிற்றுக்குப் பின்பக்கமாகவும் எடுத்து, கீழ் இரண்டு சுற்றுகளுக்குள் நுழைத்து வெளியே இழுக்க வேண்டும். வால்முனையில் 8 வடிவ முடிச்சு ஒன்று. நுழைக்கும் வழி மாறினாலும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இதே போலத்தான் இருக்கும், எடை ஏறியதும் நழுவும். ஆகையால் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் முழு எடையோடு உட்கார்ந்து பார்க்காமல் யாரும் மேலே போகக் கூடாது. விர்ரென்று இறங்கினால் சூட்டில் முடிச்சின் நார்கள் உருகிப் பளபளக்கும். முடிச்சுக்கு மட்டும் தனியாக ஒரு துண்டுக் கயிறு வைத்துக்கொண்டால் அதை மாற்றினால் போதும்.

நூல்கண்டு

பயிற்சி எங்கே என்று கேட்பவர்களுக்கு: 1983இல் பீட்டர் ஜென்கின்ஸ் அட்லாண்டாவில் தொடங்கிய ட்ரீ கிளைம்பர்ஸ் இன்டர்நேஷனல்தான் இந்தப் பொழுதுபோக்குக்கு வித்திட்டது. நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வெளிப்புறக் கல்விப் பிரிவு மரமேறும் வகுப்பு நடத்தியிருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். முடிச்சை மாணவரே கட்டுகிறாரா, கட்டித் தருகிறார்களா? மேலே மாட்டிக்கொண்டவரை இறக்கும் பயிற்சி உண்டா? மரத்தைச் சோதிக்கக் கற்றுத் தருகிறார்களா? தயாராகக் கட்டிய கயிற்றில் ஏற்றி, போட்டோ எடுத்து அனுப்பினால் அது சவாரி, பயிற்சி இல்லை.

டிகேட்டர்_மீனா

வேற ஊர்க்காரங்க, ஐஎஸ்ஏ (சர்வதேச மரவளர்ப்புச் சங்கம்) சான்று வாங்கின ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு நிபுணர், ஒருத்தரைப் பிடிச்சு மரத்தைக் காட்டுங்க. நிலம் யாரோடதோ அவங்க அனுமதி எழுத்துல இருக்கட்டும், பூங்கான்னா நிர்வாகத்துக்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க. காலில் ஆணிக்கம்பி மாட்டி ஏறறது வெட்டப்போற மரத்துக்கு மட்டும்தான். தனியா ஏறாதீங்க. கீழ இன்னொருத்தர் ஹார்னஸோட, தனிக் கயிறு போட்டு ரெடியா நிக்கணும். மயங்கி ஹார்னஸ்ல தொங்கறவங்களை 911 அவசர உதவி வர்ற வரைக்கும் அப்படியே விட்டுவைக்க முடியாது.