யாழினி எந்தக் கையால் எழுதுகிறாள்?

குழு: ஆனையூர் வீடு

வெள்ளி

யாழினி அம்மா, மாலை 6:12
இன்று யூ.கே.ஜி. ரிப்போர்ட் கார்டு கொடுத்தார்கள். பாட்டு, கதை, எண்கள் எல்லாவற்றிலும் ‘ஏ’. எழுத்தில் மட்டும் ‘சி’. "மிகவும் மெதுவாக எழுதுகிறாள். வீட்டில் கூடுதல் பயிற்சி தேவை" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாதமாக தினமும் ராத்திரி மூன்று பக்கம் எழுத வைக்கிறேன். இரண்டு வரிக்கு ஒரு தடவை கையை உதறுகிறாள். நேற்று நோட்டு மேலேயே தூங்கிவிட்டாள். எனக்கு மனசே சரியில்லை.

சித்தப்பா, 6:20
மதினி, அவள் மந்தம் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். போன வாரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போர்டைப் பார்த்து ‘பெரியார்’ என்று அவளாகவே வாசித்தாள். கடைசி எழுத்துக்கு ஏன் புள்ளி என்று கேட்டேன். "புள்ளி வைத்தால் அது பாதியிலேயே நின்றுவிடும் சித்தப்பா" என்றாள். மெய்யெழுத்தை எனக்கு யாரும் இப்படிச் சொல்லித் தந்ததில்லை.

யாழினி அம்மா, 6:24
வாசிப்பதெல்லாம் சரிதான் தம்பி. அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்க்கப் போனால் எழுதச் சொல்லித் தேர்வு வைப்பார்களாம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள்.

யாழினி அப்பா, 6:41
இப்போதுதான் டூட்டி முடிந்தது. அப்படித் தேர்வு வைக்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 13-வது பிரிவு அதைத் தடுக்கிறது. குழந்தைக்கும் வைக்கக் கூடாது, பெற்றோருக்கும் வைக்கக் கூடாது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். அதை நினைத்து அவளை ராத்திரியில் எழுத வைக்க வேண்டாம்.

பெரிய அத்தை, 7:05
இப்போதுதான் பார்த்தேன். முதலில் அந்த மூன்று பக்கத்தை நிறுத்தும்மா. முப்பது வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு, ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். ஐந்து வயதில் எட்டும் முடிந்திருக்காது. விரல்களுக்கும் இன்னும் பலம் வர வேண்டும். மனசுக்குள் எழுத்து தயாராக இருக்கும், கைதான் பின்னால் வரும். ஆனாலும் இரண்டு வரிக்கே உதறுகிறாள் என்றால் அதைப் பார்க்கத்தான் வேண்டும். பென்சிலை எப்படிப் பிடிக்கிறாள்? மற்ற வேலைக்கெல்லாம் விரல் எப்படி ஓடுகிறது?

சித்தப்பா, 7:18
அக்கா, அம்மா பேசுகிறார்கள். சொல்லச் சொல்ல நான் டைப் செய்கிறேன்.

"பிள்ளைக்கு விரல் நல்லாத்தான் ஓடுது. சாயங்காலம் நான் பூக் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை மொக்கை இரண்டு இரண்டாக எடுத்துத் தரும். காம்பு ஒடியாது. முந்தாநாள் கடைசியில் ஒரு மொக்கு மிஞ்சியது. ‘அப்பத்தா, இதுக்கு மட்டும் ஜோடி இல்லை’ என்று எடுத்து என் தலையில் வைத்தது. ஒரே குறை, நொட்டாங்கையால்தான் நீட்டும். சாமிக்குப் போகிற பூவாச்சே என்று நான் தட்டித் தட்டிச் சோத்தாங்கைக்கு மாற்றுவேன்."

பெரிய அத்தை, 7:21
அம்மா, என்ன சொன்னீர்கள்? எப்போதுமே நொட்டாங்கையா?

பெரிய அத்தை, 7:22
யாழினி எந்தக் கையால் எழுதுகிறாள்?

யாழினி அம்மா, 7:26
வலது கைதான் மதினி. எல்.கே.ஜி.யில் முதலில் இடது கையில்தான் பென்சில் பிடித்தாள். ஸ்கூலில் மாற்றிக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது நானும் மாற்றிவிட்டேன். எல்லா வீட்டிலும் செய்வதுதானே என்று நினைத்தேன். பல் துலக்க இப்போதும் இடது கைதான். பந்து எறிவதும் அதே கைதான்.

பெரிய அத்தை, 7:40
அப்படியென்றால் அவள் இடக்கைக்காரி. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர் அப்படித்தான் இருப்பார்கள். அது கெட்ட பழக்கம் இல்லை, மூளையின் அமைப்பு. நீயும் நானும் இடது கையால் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அவள் ஒரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். பாவம், வலிக்கிறது என்று சொல்லக்கூடத் தெரியாமல் கையை உதறுகிறாள்.

யாழினி அப்பா, 7:44
அக்கா, நம் தாத்தா இடது கையால்தான் அரிவாள் பிடிப்பார். வயலில் அவருக்கென்று தனி வரிசை விடுவார்கள். ஞாபகம் இருக்கிறதா?

சித்தப்பா, 7:46
டெண்டுல்கர் பேட் பிடிப்பது வலது கை ஆட்டம், எழுதுவது இடது கையால்.

சித்தப்பா, 7:53
அம்மா அழுகிறார்கள். "பிள்ளை கையை நான்தானே தட்டினேன்" என்கிறார்கள்.

பெரிய அத்தை, 7:55
அம்மா அழ வேண்டாம். ஐந்து வயதுதான் ஆகிறது, ஒன்றும் கெட்டுப் போகவில்லை. இனிமேல் எந்தக் கையால் நீட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். சாமி அதையெல்லாம் பார்க்காது.

பெரிய அத்தை, 8:10
இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பென்சிலை எந்தக் கைக்கும் கொடுக்காதே, நடுவில் வைத்துவிடு, அவளே எடுக்கட்டும். நோட்டை உடம்புக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, மேல் விளிம்பு வலப்பக்கம் சாய்கிற மாதிரி வை. பென்சிலைக் கூரிலிருந்து சற்று மேலே பிடிக்கட்டும், அப்போதுதான் எழுதியது கைக்குள் மறையாது. நீளப் பென்சில் வேண்டாம், துண்டுப் பென்சில் கொடுத்தால் மூன்று விரல் தானாக வந்துவிடும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல், இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்கும்.

முதல் ஒரு வாரம் நோட்டே வேண்டாம். தட்டில் அரிசியோ மணலோ பரப்பி விரலால் எழுதட்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில்தான் எழுதினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் கொடைக்கானலில் தங்கியிருந்த மாண்டிசோரி அம்மையாரும் பென்சிலுக்கு முன்னால் உப்புத்தாள் எழுத்தைத்தான் விரலால் தடவ வைத்தார். விரல் ஒரு தடவை வழி பழகிவிட்டால் அப்புறம் பென்சில் அதே வழியில் போகும்.

யாழினி அம்மா, 8:31
சரி மதினி. ராத்திரி நோட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். "இன்றைக்கு எழுத வேண்டாமா அம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

திங்கள்

யாழினி அம்மா, மாலை 5:10
காலையில் மிஸ்ஸைப் பார்த்துப் பேசினேன். வலது கைக்கு மாற்றியதை ஒப்புக்கொண்டார், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அதற்கு மேல் யோசிக்கவில்லை என்றார். இன்றே இடது ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்.

யாழினி அம்மா, 5:14
[படம்]
அரிசித் தட்டில் அவளாகவே பெயரை எழுதினாள். ‘ழ’வின் வால் தட்டை விட்டே வெளியே போய்விட்டது. ‘னி’யின் மேல் வளைவு திரும்பி நிற்கிறது. அதற்கே ஐந்து நிமிஷம் ஆனது. ஆனால் ஒரு தடவைகூடக் கையை உதறவில்லை. பாடிக்கொண்டே எழுதினாள்.

பெரிய அத்தை, 5:20
வளைவு போகப் போகத் தானாகத் திரும்பும். திருத்தாதே.

யாழினி அப்பா, 5:32
அந்தப் படத்தை எனக்குத் தனியாகவும் அனுப்பு.

சித்தப்பா, 5:40
அம்மா சொல்கிறார்கள்: "நாளைக்கு ஸ்கூல் விட்டதும் வெள்ளென அனுப்பிவிடு. கால் கிலோ பிச்சிப்பூ வாங்கி வைக்கிறேன்."