மறு: நெகிழிநார்க் கற்காரை – 'வலுவூட்டிய' வேண்டாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நெகிழிக் குப்பி நறுக்குகளைக் கலந்த கற்காரைக்கு (கான்கிரீட்டுக்கு) 'புட்டி வலுவூட்டிய கற்காரை' என்று தமிழ்ப் பெயர் முன்மொழிந்திருக்கிறீர்கள், அண்ணாச்சி. 'புட்டி', 'வலுவூட்டிய' என்ற இரண்டு சொல்லும் எனக்கு உடன்பாடில்லை.

மண் அடைத்த முழுக் குப்பிகளைச் செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்புவது வேறு வேலை. நாம் பேசுவது, குப்பியின் கழுத்தையும் அடியையும் வெட்டிவிட்டு, நடுப்பகுதியைச் சில மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கிக் கலவையில் போடுவது. அதில் புட்டியே மிஞ்சுவதில்லை.

'வலுவூட்டிய' என்பதுதான் பெரிய சிக்கல். கட்டடத் துறையில் அது கற்காரைக்குள் வைக்கும் எஃகுக் கம்பிக்கான சொல்லாக ஊன்றிவிட்டது. கற்காரை நெருக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. இழுவையில் அதன் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பாரத்தை ஏற்கவே கம்பி. எஃகின் விறைப்பு (இழுத்தால் நீளாமல் எதிர்க்கும் தன்மை) சுமார் 200 கிகாபாஸ்கல் என்றால், குப்பி நெகிழிக்கு அதில் சில விழுக்காடுதான். நறுக்குகள் செய்வது வேறு: கலவை உலர்ந்து சுருங்கும்போது மயிரிழை போல ஓடும் விரிசலின் இரு கரையையும் பிடித்துக்கொண்டு, அது அகலாமல் தடுப்பது. இதை 'விரிசல் பிணைப்பு' எனலாம்.

நெகிழி துருப்பிடிக்காதே, கடலோரத்துக்கு நல்லதுதானே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. முட்டம், குளச்சல் பக்கம் உப்புக்காற்றில் கம்பி துருவேறிப் பருத்து, கூரையின் அடிக்காரை பாளம் பாளமாகப் பெயர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் சிமெண்டின் காரம் பி.எச். என்ற அமில-கார அளவுகோலில் 12-ஐத் தாண்டும், அதில் இந்த நெகிழியும் மெல்ல மெல்லச் சிதையும். 'வலுவூட்டிய' என்ற பெயரை நம்பி ஒரு கொத்தனார் உத்திரத்தில் கம்பியைக் குறைத்துவிட்டால் என்ன ஆவது? அதற்கு நம் சொல் இடம் கொடுக்கவே கூடாது.

சரி, இந்த நறுக்கை இழை என்பதா, நார் என்பதா? இழை என்றால் நூல் போல உருண்டு நீண்டது மனதில் வருகிறது. குப்பி நறுக்கு தட்டை. பனைமட்டையில் கிழித்துக் கட்டிலுக்குப் பின்னுகிற நாரும் தட்டைதான். குமரி மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே என் பரிந்துரை:

நெகிழிநார்க் கற்காரை: நறுக்கிய நெகிழி நார் கலந்த கற்காரை. நடைபாதைக் கல், தரைத்தளம் போன்றவற்றுக்கு உரியது. கம்பிக்கு மாற்று அன்று.

இதே வாய்பாட்டில் 'எஃகுநார்க் கற்காரை'யும் அமையும். கண்ணாடிக்கு மட்டும் 'கண்ணாடி இழை' ஏற்கெனவே புழங்குகிறது. அதை மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.