கான்ஸ்டன்டைனுக்கு முன்னாடி கிறிஸ்தவம் எப்படிப் பரவியது?

பாலக்கோட்டான்:
எலத்தகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் கிளம்பிய பேச்சு இது. "ராஜா மாறினார், ஜனங்களும் மாறினார்கள், அவ்வளவுதான்" என்று ஒரு பெரியவர் முடித்துவிட்டார். ஆனால் அந்த ராஜா, ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தது 313இல்தானே? அதுவரை 280 வருஷம் படையும் இல்லை, பதவியும் இல்லை, அப்பப்போ அடி வேறு. எப்படிப் பரவியது?

அணைக்கட்டு:
நம்ம கிருஷ்ணகிரி மாதிரிதான், சென்னை, பெங்களூரு, சேலம் ரோடெல்லாம் சேருகிற ஊரில் ஒரு சேதி விழுந்தால் நிற்குமா? அந்தியோகியா, கொரிந்து, எபேசு எல்லாம் அப்படிப்பட்ட ஊர்கள், பெரும்பாலும் கிரேக்கம் பேசினால் போதும். இயேசுவின் சேதியை ஊர் ஊராகச் சொன்ன பவுல் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் யூதர்களின் ஜெப ஆலயம்தான், அங்கே யூதர் அல்லாதவர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். சுமார் 49இல் எருசலேமில் கூடிப் பேசி, யூதர் அல்லாதவர்கள் சேர விருத்தசேதனம் (ஆண்களின் முன்தோலை நீக்கும் யூதச் சடங்கு) தேவையில்லை என்று முடிவெடுத்தார்களே, என்னைக் கேட்டால் திருப்பமே அதுதான். அப்புறம் கோயில் கட்டவெல்லாம் காசு ஏது, கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதி மாதிரி ஆட்களின் வீட்டிலேயே கூடினார்கள்.

ஓசூர் வாசி:
ரோடு மட்டும் போதாது அண்ணா, அதே ரோட்டில் வேறு எத்தனையோ சாமிகளும் வந்தன. இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அதைச் சொல்லுங்கள். 251 வாக்கில் ரோம் சபை 1,500க்கு மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் பராமரித்ததாக அந்த ஊர் ஆயர் கொர்னேலியுஸ் எழுதியிருக்கிறார். கொள்ளைநோய் வந்தபோது அலெக்சாந்திரியாவில் நோயாளிகளைத் தொட்டுக் கவனித்துத் தாங்களும் செத்தார்கள். கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு வந்து, பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்த ஜூலியன் பேரரசரே, இவர்கள் நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறார்கள் என்று புலம்பினார்.

மொரப்பூர் ரயிலடி:
ரொம்பப் புகழ வேண்டாம். 313இலும் இவர்கள் சிறுபான்மைதான். பணம், நிலம், பெரிய பெரிய கோயில் எல்லாம் கான்ஸ்டன்டைன் வந்த பிறகு. 380இல் பேரரசர் தியோடோசியஸ் அதையே அரசு மதமாக்கினார். பந்திப் பெரியவர் பாதி சரி.

அணைக்கட்டு:
பாதி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 112 வாக்கிலேயே பித்தினியா (இதுவும் இன்றைய துருக்கியில்) ஆளுநர் பிளினி, இது கிராமம் வரைக்கும் பரவிவிட்டது, என்ன செய்யட்டும் என்று பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். விசாரணைக்கு அவர் பிடித்துச் சித்திரவதை செய்தது யாரை? சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களை. 303இல் கிறிஸ்தவர்களை ஒடுக்கக் கிளம்பிய பேரரசர் டயோக்ளீஷியன் இடிக்கச் சொன்ன முதல் தேவாலயம் நிகோமீடியாவில் (இன்றைய துருக்கி) அவர் அரண்மனையிலிருந்து பார்த்தாலே தெரியும் இடத்தில் இருந்தது. ராஜா மாறுவதற்கு முன்பே அவர் வாசல் வரைக்கும் வந்துவிட்டார்களே சார்?