7 பேர், 23 வேலை, எல்லாமே 90 சதவீதம்: புராஜெக்டை முடிக்க எளிய வழி சொல்லுங்கள்

கேள்வி

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் பழைய சாஃப்ட்வேரிலும் காகிதக் கோப்புகளிலும் கிடக்கும் வாடிக்கையாளர் விவரங்களைப் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்றும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் கணக்குப் பிரிவில் இருந்தவள், புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் படித்ததில்லை. 4 மாதத்தில் முடிய வேண்டியது, இப்போது 6-வது மாதம் நடக்கிறது.

எக்செல் ஷீட்டில் 140 வரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், தேதி, எத்தனை சதவீதம் முடிந்தது என்று போட்டிருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கிறோம். எல்லோரும் நன்றாகவே உழைக்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏகப்பட்ட வரிகள் 80, 90 என்றே நிற்கின்றன, 100-ஐத் தொடுவது அபூர்வம். மேலிடத்தில் "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே வாய் கூசுகிறது.

தேடினால் தடித்தடியான முறைகளும் சான்றிதழ் வகுப்புகளும்தான் வருகின்றன. 7 பேர் டீமுக்கு, நாளைக் காலையே தொடங்கக்கூடிய வழி ஏதாவது இருக்கிறதா? புதிய டூல் வாங்கப் பணமும் இல்லை, கற்றுக்கொள்ள நேரமும் இல்லை.

பதில் 1

டூல் பற்றி அப்புறம் பேசலாம். 140-இல் தொடங்கியும் முடியாமல் கிடப்பவை எத்தனை? வாரத்துக்கு எத்தனை உண்மையிலேயே முடிகிறது? இந்த இரண்டையும் எண்ணிவிட்டு, 90 சதவீதம் என்று இருக்கும் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதைச் செய்பவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மிச்சம் 10-இல் என்ன இருக்கிறது என்று கேட்டு வந்து எழுதுங்கள்.

கேட்டவர்

எண்ணினேன். 86 முடிந்திருக்கிறது, 23 பாதியில் கிடக்கிறது, 31 தொடங்கவே இல்லை. கடந்த ஒன்றரை மாதத்தில் வாரத்துக்குச் சுமார் 3 முடிந்திருக்கிறது.

37-வது வரியை எடுத்துக்கொண்டேன், மூன்று வாரமாக 90. ஒரே வாடிக்கையாளர் இரண்டு தொலைபேசி எண்களில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறார், இப்படி 400-க்கும் மேல். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று விற்பனைப் பிரிவுதான் சொல்ல வேண்டும். இந்த வரியைச் செய்யும் தம்பி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார், பதில் இல்லை. சும்மா இருக்கக் கூடாதே என்று வேறு மூன்று வேலையைத் தொடங்கி, அவையும் இப்போது 70, 80-இல் நிற்கின்றன. மீட்டிங்கில் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கள் சதவீதம்தானே கேட்டீர்கள்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

பதில் 1

நீங்கள் தேடியது அந்த 37-வது வரியிலேயே கிடைத்துவிட்டது. வேலை நடக்கிறதா, யாருக்காகவோ காத்துக்கிடக்கிறதா என்பதைச் சதவீதம் சொல்லாது. அதை ஷீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் நிரூபித்த விதி இது: நடுவில் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, அவை முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை தொடங்கி முடிய ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். உங்களுக்கு 23-ஐ 3-ஆல் வகுத்தால் ஏழரை வாரத்துக்கும் மேல். 9 வேலை மட்டும் கையில் இருந்தால் அதே வேகத்தில் 3 வாரம். இதனால் மட்டும் மிச்சமுள்ள 54 வேலையும் சீக்கிரம் முடிந்துவிடாது, வாரம் 3 என்றால் அது 18 வாரம்தான். ஆனால் கையில் குறைவாக இருந்தால் எது எங்கே சிக்கியிருக்கிறது என்று அன்றன்றே தெரியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் போகும் நேரம் மிச்சமாகும், அதில்தான் வேகம் கூடும். மேலிடத்தில் இந்த 18-ஐ அப்படியே சொல்லிவிடுங்கள், "இன்னும் கொஞ்சம்தான்" என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சுவரில் ஒரு சார்ட் ஒட்டி நான்கு பத்தி போடுங்கள்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, காத்திருப்பவை, முடிந்தவை. வேலைக்கு ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். சீட்டின் அடியில் "எது நடந்தால் இது முடிந்தது" என்று ஒரு வரி. உதாரணமாக 37-க்கு: "புதிய சாஃப்ட்வேரில் விற்பனைப் பிரிவு 50 பதிவுகளைத் திறந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும்." இந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தால் டீமுக்குள்ளேயே வாக்குவாதம் வரும், வரட்டும், மூன்று மாதம் கழித்து வருவதற்கு இப்போதே வந்தால் நல்லது.

நடுவில் உள்ள இரண்டு பத்தியையும் சேர்த்து 9 சீட்டுக்கு மேல் கூடாது. காத்திருப்பவையைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறவர்கள் நிறைய, அப்புறம் எல்லாம் அங்கே போய்க் குவிந்துவிடும். காத்திருக்கும் சீட்டில் யாரிடம், என்றையிலிருந்து என்று எழுதுங்கள். தினமும் 15 நிமிடம் நின்றபடி பேசினால் போதும், முடியும் நிலையில் இருக்கும் சீட்டிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்த கான்பான் முறையின் எளிய வடிவம்தான் இது, காசு செலவில்லை.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பலகை மட்டும் போதாது. எதற்குப் பின் எது என்று அதில் தெரியாது. 54 சீட்டுகளையும் ஒரு மேசையில் பரப்பி, "இது முடியாமல் எது தொடங்காது" என்று கேட்டு வரிசையாக வைத்துப் பாருங்கள். இரட்டைப் பதிவு நீக்குதல், மாற்றுதல், சரிபார்த்தல், பயிற்சி, பழையதை நிறுத்துதல் என்று ஒரு நீளமான சங்கிலி வரும் என்று நினைக்கிறேன். அந்தச் சங்கிலியில் ஒரு நாள் தவறினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும், மற்றவற்றில் கொஞ்சம் தளர்வு உண்டு. 1950-களின் கடைசியில் டூபாண்ட் நிறுவனத்தில் பிறந்த முறை இது. வரைபடமெல்லாம் வேண்டாம், சங்கிலியில் உள்ள சீட்டுகளின் மூலையில் சிவப்புப் புள்ளி வைத்தால் போதும். தினமும் சிவப்புப் புள்ளிக்குத்தான் முதல் மரியாதை.

பதில் 3

54 வேலைக்கு 7 பேர் குறைவு. இன்னும் மூன்று பேர் கேட்டு வாங்குங்கள், இவ்வளவு தாமதமான பிறகு தயங்க வேண்டாம்.

பதில் 2

இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம் சகோதரி. தாமதமான சாஃப்ட்வேர் புராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதிவிட்டார், ஐபிஎம்மில் பெரிய வேலையை நடத்திய அனுபவத்தில் சொன்னது. 7 பேருக்குள் 21 ஜோடி, 10 பேர் ஆனால் 45 ஜோடி, அத்தனை பேருக்குள்ளும் பேசிப் புரிந்தாக வேண்டும். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் இப்போது மும்முரமாக இருப்பவர்தான். உங்களுக்கு உடனே தேவை விற்பனைப் பிரிவிலிருந்து முடிவு சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர். அவரைத் தினமும் 15 நிமிடம் வரவழையுங்கள். இரண்டு நாளில் பதில் வராத கேள்வி தானாக மேலாளர் மேசைக்குப் போகும் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து)

14 சீட்டுகளைத் திரும்பச் "செய்ய வேண்டியவை"யில் போட்ட அன்று டீமில் ஒரே மனக்கசப்பு. பாதி செய்ததை எப்படித் திருப்பி வைப்பது என்று இருவர் கோபப்பட்டார்கள். கை காலியானவர்கள் புதிதாகத் தொடங்காமல் அடுத்தவர் சீட்டை முடிக்க உதவ வேண்டும் என்றதும் முதலில் சங்கடப்பட்டார்கள், அப்புறம் பழகிவிட்டது. விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்தார், 37 நான்கே நாளில் முடிந்தது. வாரக் கணக்கு: 3, 2, 4, 6, 5. மிச்சம் 34. திங்கட்கிழமை மீட்டிங்கை நிறுத்திவிட்டேன். சிவப்புப் புள்ளி வைத்தபோதுதான் பயிற்சிக்கு யாருமே தேதி குறிக்கவில்லை என்று தெரிந்தது.

இப்போது ஒரே தொல்லை, எங்கள் மேலாளர். வாரம் ஒன்றாவது "இதையும் அப்படியே சேர்த்துவிடுங்கள்" என்கிறார். இதுவரை மூன்று. மறுக்கவும் முடியவில்லை.

பதில் 1

மறுக்க வேண்டாம். மூன்றையும் சீட்டில் எழுதுங்கள், "எது நடந்தால் முடிந்தது" என்ற வரியை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வாரத்துக்கு 5 முடிகிறது, 34 இருக்கிறது, ஏறக்குறைய 7 வாரம் என்று காட்டிவிட்டு, "இதை உள்ளே வைக்க எதை வெளியே எடுக்கட்டும்?" என்று கேளுங்கள். பலகை முன்னால் நின்று கேட்பது முக்கியம், அறையில் உட்கார்ந்து கேட்டால் "இரண்டையும் பாருங்கள்" என்றுதான் பதில் வரும்.

கேட்டவர்

சரி. நாளைக் காலை 15 நிமிடப் பேச்சுக்கு அவரையும் அழைத்திருக்கிறேன். மூன்று சீட்டும் எழுதியாகிவிட்டது, அடி வரி மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.