சிஏ இன்டர் குரூப் 1 ஃபெயில்: அக்கவுண்ட்ஸ் 61, லா 38, டேக்ஸ் 47. அடுத்த அட்டெம்ப்டுக்கு எப்படிப் படிப்பது?

பேரேடு_ஈரோடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சிஏ இன்டர்மீடியட் (ஆடிட்டர் படிப்பின் நடுக்கட்டத் தேர்வு) குரூப் 1 மட்டும் எழுதினேன். ரிசல்ட்: அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் 61, கார்ப்பரேட் அண்ட் அதர் லாஸ் 38, டேக்ஸேஷன் 47. மொத்தம் 146.

லா மெட்டீரியலை முழுசா மூணு ரவுண்டு படிச்சாச்சு, ஹைலைட்டர் போடாத பக்கமே இல்லை. ஹாலில் கேள்வியைப் பார்த்தா எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு, எழுத ஆரம்பிச்சா ரெண்டு வரிக்கு மேல வரமாட்டேங்குது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். இப்போ ஒரு ஆடிட்டர் ஆபீஸில் காலை 10 முதல் மாலை 6 வரை டேலி என்ட்ரி வேலை.

மூணு சந்தேகம்:
1. லாவில் ரெண்டு மார்க்தானே குறைவு, வெரிஃபிகேஷன் போடலாமா?
2. அக்கவுண்ட்ஸ் திரும்ப எழுதணுமா?
3. அடுத்த முறை ரெண்டு குரூப்பும் சேர்த்துப் போடச் சொல்லி வீட்டில் சொல்றாங்க. சரியா?

---

கொடுக்கல்வாங்கல் பதில்:

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு குரூப் பாஸாக இரண்டு நிபந்தனை: ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40, மூன்றும் சேர்ந்து 300க்கு 150. உங்களுக்கு லாவில் 2, மொத்தத்தில் 4 குறைந்திருக்கிறது. லாவில் 40 வந்திருந்தாலும் 148தான், ஃபெயில்தான். ஆகவே "ரெண்டு மார்க்கில் போச்சு" என்று நினைத்துக்கொண்டு லாவை மட்டும் உருட்டாதீர்கள்.

அக்கவுண்ட்ஸ் எழுதத் தேவையில்லை. குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதி, ஃபெயிலாகி, ஒன்றில் 60 அல்லது அதற்கு மேல் எடுத்தால் அந்தப் பேப்பருக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு எக்ஸெம்ப்ஷன் (திரும்ப எழுதுவதிலிருந்து விலக்கு) உண்டு. அந்த 61 அப்படியே மொத்தத்தில் சேரும். அதாவது லாவும் டேக்ஸும் சேர்த்து 89 எடுத்தால் போதும், இரண்டிலும் 40க்குக் குறையக் கூடாது. லா 42, டேக்ஸ் 47 என்றாலே முடிந்தது. தேர்வு விண்ணப்பத்தை நிரப்பும்போது எக்ஸெம்ப்ஷன் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.

மூன்று அட்டெம்ப்டையும் வீணாக்கினால் கணக்கு மாறும். எக்ஸெம்ப்ஷனை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம், ஆனால் மீதிப் பேப்பர் ஒவ்வொன்றிலும் 50 எடுக்க வேண்டும். 89 போதும் என்பது 100 ஆகிவிடும்.

வெரிஃபிகேஷன் பற்றி: அது மறுமதிப்பீடு அல்ல. ஏதாவது விடை திருத்தப்படாமல் விட்டுப்போனதா, கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். "இந்தப் பதிலுக்கு 2 போதாது, 3 தரணும்" என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. போட விருப்பமிருந்தால் ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் போடுங்கள். ஆனால் அதை நம்பி அடுத்த தேர்வு விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் உதவப்போவது சான்றிட்ட விடைத்தாள் நகல். லா, டேக்ஸ் இரண்டுக்கும் வாங்குங்கள். வந்ததும் அந்த அட்டெம்ப்டுக்கு, தேர்வை நடத்தும் ஐசிஏஐ வெளியிடும் மாதிரி விடைகளான சஜஸ்டட் ஆன்ஸர்ஸைப் பக்கத்தில் வைத்து, போன ஒவ்வொரு மார்க்குக்கும் எதிரே நான்கில் ஒன்றை எழுதுங்கள்:

எ – எழுதவே இல்லை (நேரம் போதவில்லை)
தெ – பாடமே தெரியாது
கு – தெரியும், ஆனால் குழப்பிவிட்டேன் (இரண்டு செக்‌ஷனை மாற்றியது, காலக்கெடுவை மாற்றியது)
அ – சரியான விடை, அரைகுறையாக எழுதியது

'தெ' அதிகம் இருந்தால் மட்டும்தான் இன்னொரு ரவுண்டு படிக்க வேண்டும். 'அ'வும் 'எ'வும் அதிகம் என்றால் இன்னும் நான்கு முறை படித்தாலும் அதே 38தான் வரும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'அ'தான் ஜாஸ்தி இருக்கும் என்று தோன்றுகிறது.

---

மாலதி_டேக்ஸ் பதில்:

தம்பி, ஹைலைட்டரை மூடி வை. பார்த்த பக்கத்தையே திரும்பப் பார்த்தா கண்ணுக்குப் பழகிடும், மூளை அதைத் "தெரியும்"னு எடுத்துக்கும். ஹாலில் புத்தகம் இல்லாம வெளியே எடுக்கணும். அந்தப் பயிற்சி நடக்கவே இல்லை, அதான் ரெண்டு வரியில் நிக்குது.

லாவில் ஒரு கேள்வியை எடுத்துக்காட்டா பார்ப்போம். "ஒரு கம்பெனி ஒரே நிதியாண்டில் ஈக்விட்டி பங்குகளுக்கு 210 பேருக்கு பிரைவேட் பிளேஸ்மெண்ட் (பொதுமக்களுக்கு இல்லாம தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும்) ஆஃபர் கொடுத்தது. அதில் 12 பேர் தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்கள். செல்லுமா?" செல்லும்னு நிறைய பேருக்குத் தெரியும். "200 பேர் லிமிட், இது 198, எனவே செல்லும்"னு ஒரே வரியில் எழுதிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு ஒரு மார்க், மிஞ்சினா ஒன்றரை.

எழுத வேண்டியது மூணு பத்தி. முதல் பத்தி சட்டம்: கம்பெனிகள் சட்டம் 2013, செக்‌ஷன் 42, கூடவே 2014ஆம் வருஷத்து பிராஸ்பெக்டஸ் அண்ட் அலாட்மெண்ட் விதிகளில் விதி 14. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல ஆஃபர் கொடுக்கக் கூடாது. நிறுவன முதலீட்டாளர்களும், ஊழியர் பங்குத் திட்டத்தில் பங்கு பெறும் ஊழியர்களும் அந்த எண்ணிக்கையில் சேர மாட்டாங்க. ஈக்விட்டி, பிரிஃபரன்ஸ், டிபெஞ்சர்னு ஒவ்வொரு வகைக்கும் லிமிட் தனித்தனி. ரெண்டாவது பத்தி, கேள்வியில் உள்ள தகவல்: 210 கழித்தல் 12, 198. மூணாவது முடிவு: வரம்புக்குள் இருக்கு, அதனால ஆஃபர் செல்லும். மார்க்கில் பெரும்பகுதி முதல் பத்தியில்தான் இருக்கு, நீ விடுறதும் அதைத்தான். இன்னொண்ணு, எண்ண வேண்டியது ஆஃபர் போன ஆட்களை. பங்கு வாங்கினவங்களை இல்லை. எம்சிக்யூவில் (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி) அங்கதான் வழுக்கி விடுவாங்க.

செக்‌ஷன் நம்பர் நிச்சயமாத் தெரியலைன்னா தப்பா போடாதே. "கம்பெனிகள் சட்டம், 2013இன் விதிகளின்படி"ன்னு எழுதிட்டு சட்டத்தைச் சரியா சொல்லு.

டேக்ஸில் நடக்குறதும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு தயாரிப்பு நிறுவனத்தோட ஐடிசி (வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டியைக் கழிச்சுக்கிறது) கணக்கு: மூலப்பொருள் 3,00,000, சரக்கு ஏத்துற லாரி 2,16,000, டைரக்டர் பயன்படுத்த 7 சீட்டர் கார் 1,40,000, ஊழியர் சாப்பாடு 18,000. விடை 5,16,000. மூலப்பொருளையும் லாரியையும் மட்டும் கூட்டிக் காட்டினா பாதி மார்க் போயிடும். காருக்கு எதிரே 'இல்லை', காரணம்: டிரைவரோட சேர்த்து 13 பேர் வரைக்கும் போகக்கூடிய பயணிகள் வாகனம், செக்‌ஷன் 17(5)இல் தடை. சாப்பாட்டுக்கு எதிரேயும் 'இல்லை', காரணம்: சட்டப்படி முதலாளி கட்டாயம் கொடுத்தே ஆகணும்னு இருந்தாதான் கிடைக்கும். கிடைக்காத ஐட்டத்துக்கும் ஒரு வரி, ஒரு காரணம். ஜிஎஸ்டியில் எந்தக் கணக்கு போட்டாலும் இந்தப் பழக்கம் இருக்கணும்.

---

பேரேடு_ஈரோடு:

ரொம்ப நன்றி அக்கா. நீங்க சொன்ன மூணு பத்தியைத் தமிழில் சொல்லச் சொன்னா கடகடன்னு சொல்லிடுவேன். இங்கிலீஷில் எழுதும்போதுதான் கை நிக்குது.

---

மாலதி_டேக்ஸ்:

இந்தி இல்லைன்னா இங்கிலீஷ்தான், வேற வழி கிடையாது. ஆனா நீ இங்கிலீஷ் இலக்கியம் எழுதப் போறதில்லை தம்பி. முதல் பத்தியைத் தொடங்க ஒரு வாக்கியம், தகவல் பத்திக்கு ஒண்ணு, முடிவுக்கு ஒண்ணு: மொத்தமே மூணு தொடக்க வாக்கியம். எல்லாப் பதிலுக்கும் அதையே போடு, யாரும் மார்க் குறைக்க மாட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு சேப்டருக்கும் 25, 30 சட்டச் சொல்லை சஜஸ்டட் ஆன்ஸர்ஸில் இருக்கிற அதே ஸ்பெல்லிங்கோட ஒரு நோட்டில் எழுதி வை. அந்தச் சொற்கள் வந்தா நடுவில் இலக்கணம் கொஞ்சம் தட்டினாலும் பரவாயில்லை. 12 சொல்லுக்கு மேல வாக்கியம் போகாம பார்த்துக்கோ. தினமும் ரெண்டு பதில், பேனாவால, ஒரு பதிலுக்கு 8 நிமிஷம். மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்க்குறது இதுக்கு உதவாது.

---

ஐந்தொகை பதில்:

இரண்டு குரூப் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரே சமயம் எழுதினால் ஆறு பேப்பரும் 40ஐத் தாண்டி, மொத்தம் 600க்கு 300 வந்தால் போதும். ஒரு குரூப்பில் 143, இன்னொன்றில் 158 என்றாலும் இரண்டும் பாஸ். ஆனால் அந்தச் சலுகை உபரி மார்க் எடுக்கக்கூடியவர்களுக்கு. குரூப் 2இன் காஸ்டிங், ஆடிட்டிங், எஃப்எம்-எஸ்எம் (நிதி மேலாண்மை, உத்தி மேலாண்மை) மூன்றையும் புதிதாகத் தொடங்கி, வேலையும் பார்த்துக்கொண்டு, இரண்டு சொச்சம் மாதத்தில் முடிப்பது உங்கள் நிலையில் நடக்காது. இப்போது தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என வருடத்துக்கு மூன்று முறை. இந்த முறை குரூப் 1, அதற்கடுத்து குரூப் 2. புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் நடைமுறைப் பயிற்சி) தொடங்க முடியும் என்பதால் அவசரம் புரிகிறது. அவசரத்தில் ஆறில் எதிலும் தேறாமல் போவதைவிட நான்கு மாதம் தள்ளிப்போவது மேல்.

நேரத்துக்கு வருவோம். 30 மார்க் எம்சிக்யூ, 70 மார்க் விரிவான விடை, 3 மணி நேரம். லாவில் முதல் கேள்வி கட்டாயம், மீதி ஐந்தில் நான்கு, ஒவ்வொன்றும் 14 மார்க். எம்சிக்யூவுக்கு 45 நிமிடம் ஒதுக்கினால் 135 மிஞ்சும், கேள்விக்கு 27 நிமிடம். 27 ஆனதும் பாதியில் நின்றாலும் கீழே நான்கு வரி இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். ஒரு கேள்வியில் கடைசி 2 மார்க்குக்காக 12 நிமிடம் போராடி, கடைசிக் கேள்வியைத் தொடாமல் வருவதுதான் 'எ' வகை நஷ்டம். எம்சிக்யூவில் நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒரு வட்டத்தையும் காலியாக விடாதீர்கள். தொடக்கத்தில் தரும் 15 நிமிட வாசிப்பு நேரத்தில் விடைத்தாளைத் தொடக் கூடாது, ஆனால் ஐந்தில் எந்த ஒன்றை விடப் போகிறீர்கள் என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம்.

வேலையோடு படிப்பதற்கு: காலை 5 முதல் 7.30 வரை புதிய பகுதியும் எழுத்துப் பயிற்சியும். இரவு 9 முதல் 10 வரை புதிதாக எதையும் தொடாமல் நினைவுகூரல் மட்டும், அதாவது வெள்ளைத்தாளில் சேப்டர் தலைப்பைப் போட்டு, புத்தகத்தை மூடி, வருவதை எல்லாம் எழுதி, பிறகு திறந்து விட்டதைச் சிவப்பில் சேர்ப்பது. அதே சேப்டர் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, மூன்று வாரம் கழித்து திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு முறையும் சிவப்பு குறைய வேண்டும். மூன்றாவது முறையும் அதே இடத்தில் சிவப்பு விழுந்தால் அது தனி நோட்டுக்குப் போகட்டும்.

அந்தத் தனி நோட்டைப் பெரிதாக வளர்க்காதீர்கள். தேர்வுகளுக்கு இடையில் கிடைக்கும் ஒன்றரை நாளில் முழுவதும் புரட்ட முடிய வேண்டும். லாவுக்கு 50, 60 பக்கத்தைத் தாண்டினால் அது இன்னொரு புத்தகம் ஆகிவிடும்.

ஞாயிறு மதியம் 2 முதல் 5 வரை முழு மாதிரித் தேர்வு. தேர்வு நடப்பது அந்த நேரத்தில்தான். சாப்பிட்டதும் கண் சொக்கும் அந்த வேளைக்கு உடம்பு பழக வேண்டும். முதல் நான்கு வாரம் பழைய கேள்வித்தாள், அதன்பின் ஐசிஏஐ வெளியிடும் எம்டிபி (மாதிரித் தேர்வுத் தாள்) இரண்டு தொடரும், ஆர்டிபியும் (திருப்புதல் கேள்வித் தொகுப்பு). திங்கள் காலை வேறு எதுவும் வேண்டாம், முந்தைய நாள் தாளைத் திருத்தி எ-தெ-கு-அ போடுங்கள். ஆபீஸில் கடைசி மூன்று வாரம் லீவு கேட்டுவிடுங்கள், இப்போதே கேட்டால்தான் கிடைக்கும்.

---

பழைய_நோட்டு பதில்:

எல்லாரும் நல்லாவே சொல்லிட்டாங்க. திரும்ப எழுதுறவங்க மட்டும் மாட்டிக்கிற ஒரு இடம் இருக்கு: போன அட்டெம்ப்ட் நோட்ஸ். டேக்ஸ் பேப்பர் மாறிக்கிட்டே இருக்கும். 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலா 2025 சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருது, செக்‌ஷன் நம்பர்கள் எல்லாம் மாறுது. நீங்க எழுதப் போற அட்டெம்ப்டுக்கு எந்தச் சட்டம், எந்த நிதிச் சட்டத் திருத்தம், ஜிஎஸ்டியில் எந்தத் தேதி வரைக்கும் வந்த அறிவிப்புகள்னு ஐசிஏஐ போர்டு ஆஃப் ஸ்டடீஸ் அறிவிப்பில் இருக்கும். முதல் நாளே அதை பிரிண்ட் எடுத்து ஒட்டுங்க. ஆர்டிபி முன்பகுதியில் வர்ற சட்ட மாற்றங்களைத் தனியா படிக்காம, அந்தந்த சேப்டர் ஓரத்தில் எழுதிடுங்க. டெலிகிராமில் சுத்துற பிடிஎஃப்பை நம்பவே நம்பாதீங்க, எந்த வருஷத்துதுன்னு போட்டவங்களுக்கே தெரியாது.

---

பேரேடு_ஈரோடு:

குரூப் 1 மட்டும்னு வீட்டில் பேசிட்டேன், 89 கணக்கைக் காட்டினதும் ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பேப்பருக்கும் நகல் கேட்டு விண்ணப்பிச்சாச்சு. நகல் வர்ற வரைக்கும் என்ன செய்யலாம்? லா எந்த சேப்டரில் ஆரம்பிக்கலாம்?

---

மாலதி_டேக்ஸ்:

கேள்வித்தாள் கையில் இருக்குமே, அதே லா பேப்பரை இப்பவே 3 மணி நேரம் வச்சு திரும்ப எழுதிப் பாரு. சஜஸ்டட் ஆன்ஸர்ஸ் வந்திருந்தா நீயே திருத்து, கஞ்சத்தனமா மார்க் போடு. சேப்டர்னு கேட்டா, 100 மார்க்கில் 70 கம்பெனி சட்டமும் எல்எல்பியும் (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம்), 30 மத்த சட்டங்கள். ஜெனரல் கிளாசஸ் சட்டம், இன்டர்பிரிட்டேஷன் (சட்டத்துக்குப் பொருள் கொள்ளும் முறை), ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) மூணும் சின்னது, முதல் பத்து நாளில் முடிச்சுடலாம், அந்த 30ஐ விடாதே. கம்பெனி சட்டத்தில் பிராஸ்பெக்டஸ், ஷேர் கேப்பிடல், டெபாசிட், மீட்டிங், டிவிடெண்ட், அக்கவுண்ட்ஸ், ஆடிட் இந்த வரிசையில் போ. மீட்டிங்கில் கோரம் (கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) எண்ணிக்கையைத் தனியா எழுதி வச்சுக்கோ: பப்ளிக் கம்பெனியில் உறுப்பினர் 1000 வரைக்கும் 5 பேர், 1000க்கு மேல 5000 வரைக்கும் 15, அதுக்கும் மேல 30, பிரைவேட்டில் 2. நேரில் வந்தவங்களைத்தான் எண்ணணும், பிராக்ஸியை (உறுப்பினருக்குப் பதிலா வர்றவர்) சேர்க்கக் கூடாது. முதல் பதிலை இதிலேயே எழுதி இங்க போடு, பார்த்துச் சொல்றேன்.