ட்ராய்க்கு, அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, கருத்து எழுதிய அனுபவம் யாருக்காவது உண்டா?

2015 மார்ச் கடைசியில் ட்ராய் ஒரு கருத்துக்கேட்பு அறிக்கை வெளியிட்டிருந்தது. 118 பக்கம், 20 கேள்விகள். இணையத்தில் பேசவும் செய்தி அனுப்பவும் உதவும் செயலிகளுக்கு உரிமம் வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ரொம்ப நாளாகக் கேட்டுவந்த விஷயம்தான். பத்துப் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. தன்னார்வலர்கள் 20 கேள்விக்கும் பதில் எழுதி இணையத்தில் வைத்திருந்தார்கள். எடுத்து அப்படியே அனுப்பினேன். பெயர் மட்டும்தான் என்னுடையது. 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்த செய்தி வந்தபோது, அதில் ஒன்று நம்முடையது என்று கொஞ்ச நாள் பெருமையாகத் திரிந்தேன்.

டிசம்பரில் அடுத்த அறிக்கை. சில தளங்களுக்கு மட்டும் இலவசமாகவோ தனிக் கட்டணத்திலோ இணையம் தரலாமா என்பது பற்றி. நாலே கேள்வி. அந்தச் சமயத்தில் அத்தை போன் செய்து, "நான் ட்ராய்க்கு லெட்டர் போட்டிருக்கேனாம், அப்படின்னா என்னப்பா?" என்றார். ஒரு பெரிய இணைய நிறுவனத்தின் தளத்தில் 'இலவச இணையத்தை ஆதரியுங்கள்' என்கிற மாதிரி ஒரு பெட்டி வந்திருக்கிறது. நல்ல காரியம்தானே என்று பொத்தானை அழுத்தியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தை சொன்னார்: "நீ மட்டும் முழுசா படிச்சிட்டா அனுப்பினே?"

பதில் இல்லை.

ஒரு வித்தியாசம் இருந்தது, நியாயமாகச் சொன்னால். நான் அனுப்பியதில் கேட்ட கேள்விகளுக்குப் பதிலாவது இருந்தது. அத்தை பெயரில் போனதில் 'ஆதரிக்கிறேன்' என்பதைத் தாண்டி எதுவும் இல்லை. அப்படி வந்த லட்சக்கணக்கான கடிதங்களைப் பற்றி ட்ராயும் இதையேதான் சொன்னது: கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த முறை உட்கார்ந்து படித்தேன். ஒரே ஒரு கேள்விக்கு, சொந்தமாக, ஒரு பக்கம். 2016 பிப்ரவரி 8 அன்று பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் அபராதம். என் ஒரு பக்கத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியது என்ன என்று எனக்குத் தெரியும்.

* * *

நான் எதிர்ப்பக்கம் இருந்தவன். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் ட்ராய்க்கு அனுப்பும் இந்த மாதிரி பதில்களைத் தட்டச்சு செய்து சரிபார்க்கும் வேலை. அறிக்கை வந்த அன்றே வக்கீல், பொருளாதாரம் படித்தவர், பொறியாளர் என்று நாலைந்து பேர் உட்கார்ந்துவிடுவார்கள். லஞ்சம், பணப்பெட்டி எதுவும் நான் பார்த்ததில்லை. சம்பளத்துக்குப் படிக்க ஆள் இருந்தது, அவ்வளவுதான். பொதுமக்களிடமிருந்து வந்தவற்றில் எங்கள் மேலாளர் அச்செடுத்து மேசையில் வைத்தவை கொஞ்சம்தான். எல்லாமே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டியவை. லட்சம் மின்னஞ்சலைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. அந்த நாலு தாளைப் பற்றிப் பட்டார்.

* * *

மேலே சொன்னவருக்கு ஒரு வார்த்தை: லட்சம் மின்னஞ்சல் போகாமல் இருந்திருந்தால் இந்த விஷயம் செய்தியிலேயே வந்திருக்காது. அத்தைக்கும் போன் செய்யத் தோன்றியிருக்காது.

அப்புறம், முதல் சுற்றோடு விட்டுவிடாதீர்கள். வந்த கருத்துகளை ட்ராய் தன் தளத்தில் போடும். அவற்றுக்கு மறுகருத்து எழுதவும் தனியாக நாள் கொடுப்பார்கள். நான் எப்போதும் அதில்தான் எழுதுவேன். நிறுவனம் என்ன வாதம் வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதலாம், பாதி வேலை மிச்சம்.