பிப் "இருக்கு"ங்குது, ரன் பட்டன் "இல்லை"ங்குது: வீஎஸ் கோடில் எந்தப் பைத்தான்?

பாலக்கோட்டான்:
தருமபுரியில ஒரு லேப் மெஷின், மாங்கா மண்டி விலைக் கணக்குப் போடுற பைத்தான் ஸ்கிரிப்ட், திறந்திருக்கிறது வீஎஸ் கோட்ங்கிற எடிட்டர்ல. டெர்மினல்ல பிப் (பைத்தானுக்கு லைப்ரரி இறக்குற கருவி) வச்சு பாண்டாஸ்ங்கிற லைப்ரரியை இறக்கப் போனா "ரெக்வயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைட்". ரன் பட்டனை அமுக்குனா "நோ மாட்யூல் நேம்ட் பாண்டாஸ்". ஒரே திரையில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு வரியும். வலது கீழ் மூலையில பைத்தான் 3.12னு இருக்கு, டெர்மினல்ல வெர்ஷன் கேட்டா 3.9. அதாவது மெஷின்ல ரெண்டு பைத்தான், பாண்டாஸ் 3.9ல மட்டும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-P அமுக்கி, எந்தப் பைத்தான் ஓடணும்னு தேர்ந்தெடுக்கிற "பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்"ல 3.9 எடுத்ததும் ஓடிருச்சு.

ஓசூர்க்காரி:
அண்ணா, ஓடுச்சு சரி, ஆனா திசை தப்பு. 3.9க்கு 2025 அக்டோபரோட ஆதரவு முடிஞ்சது. 3.12ஐ விடாம, அதுக்குள்ளயே பாண்டாஸை இறக்கணும். வெறும் பிப் அடிக்காதீங்க. "பை ஹைஃபன் 3.12, ஹைஃபன் எம், பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்"னு அடிச்சா எந்தப் பைத்தான்ல இறங்குதுன்னு குழப்பமே வராது.

அரூரான்:
கோட் ரன்னர்ங்கிற எக்ஸ்டென்ஷன் (ஃபைலை ஓட்ட தனியா ஒரு ரன் பட்டன் தர்றது) இருந்தா ரெண்டு பேர் சொன்னதும் பலிக்காது. நாம செலக்ட் பண்ணினதை அது கண்டுக்காது. பாத்ல, அதாவது புரோகிராம்களை விண்டோஸ் தேடுற ஃபோல்டர் பட்டியல்ல, முதல்ல நிக்கிற பைத்தானைத்தான் கூப்பிடும். ரன் முக்கோணத்துக்குப் பக்கத்து அம்புக்குறியை அமுக்கி "ரன் பைத்தான் ஃபைல்" எடுங்க.

ஊத்தங்கரை:
இங்க பார்த்தது வேற. வீஎன்வி (ஒரு புராஜெக்ட்டுக்குன்னு தனியா வச்சுக்கிற பைத்தான் சூழல்) ஃபோல்டரைப் பென்டிரைவ்ல தூக்கிட்டு வந்து வேற மெஷின்ல ஒட்டிருக்காங்க. "நோ பைத்தான் அட்"னு பழைய மெஷினோட சி டிரைவ் பாதையைக் காட்டி நின்னுடுச்சு. உள்ள இருக்கிற பைவீஎன்வி சிஎஃப்ஜி ஃபைல்ல "ஹோம்"ங்கிற வரி அந்தப் பாதையைப் பிடிச்சு வச்சிருக்கும். வீஎன்வியைச் சுமக்காதீங்க, தேவையான லைப்ரரிகளோட பட்டியல் இருக்கிற ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் கொண்டு வந்து புதுசா உருவாக்குங்க.

யாரும் கேட்கலைன்னாலும் சொல்றேன். ஃபைலை மட்டும் திறக்காம முழு ஃபோல்டரைத் திறங்க, அப்பதான் உள்ள இருக்கிற வீஎன்வி பட்டியல்ல வரும். வீஎன்வியை இயக்குற ஆக்டிவேட் ஸ்கிரிப்டைப் பவர்ஷெல் தடுத்தா எக்ஸிக்யூஷன் பாலிசியைக் கரன்ட் யூசருக்கு மட்டும் ரிமோட்சைன்ட்னு மாத்துங்க. பைத்தான்னு அடிச்சதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தா, விண்டோஸ் செட்டிங்ஸ்ல "ஆப் எக்ஸிக்யூஷன் அலியாஸஸ்" போய் பைத்தான் ரெண்டையும் அணைங்க. செட்டிங்ஸ் ஜேசன்ல டீஃபால்ட் இன்டர்ப்ரெட்டர் பாதையை மாத்தியும் அசையலையா? ஏற்கெனவே கையால ஒண்ணைத் தேர்ந்தெடுத்திருப்பீங்க, அதுதான் ஜெயிக்கும். "கிளியர் வொர்க்ஸ்பேஸ் இன்டர்ப்ரெட்டர் செட்டிங்" கொடுத்துட்டுப் பாருங்க.

பாலக்கோட்டான்:
தங்கச்சி சொன்னபடி 3.12லயே இறக்கியாச்சு. எந்தப் பைத்தான் ஓடுதுன்னு காட்டுற சிஸ் எக்ஸிக்யூட்டபிளைப் பிரின்ட் பண்ணினா ரன் பட்டன்ல 3.12 பாதை வருது, கோட் ரன்னர்ல இன்னும் 3.9தான்.